கோட்டுக்கு இரண்டு விரல் தள்ளி

என் காருக்கு நிழல் போனது அண்ணியால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஏதோ நடுநிலையாகப் பேசுகிறேன் என்று யாரும் ஏமாந்துவிடக் கூடாது.

வீடு ஒன்று, குடித்தனம் இரண்டு. கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் நானும் என் மனைவியும், பின்பக்கத் தகரக் கொட்டகையில் என் கார். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். அந்தக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர் சாலையைப் பார்க்கிறாரோ இல்லையோ, என் வலது கால் அந்தப் பிரேக்கை விட்டு நகராது. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகும் அது கொஞ்ச நேரம் தரையை அழுத்திக்கொண்டிருக்கும் என்று என் மனைவி கேலி செய்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி மாடிப்படியின் அடியில் வந்து நின்றார்.

"தம்பி, காரைக் கொஞ்ச நாள் வெளிய நிறுத்திக்கிறீங்களா? எனக்கு அந்தக் கொட்டகை வேணும்."

"எதுக்கு அண்ணி?"

"ஒரு படகு செய்யணும்."

கண்ணாடி அலமாரியில் வைக்கிற பொம்மைப் படகாக்கும் என்று நினைத்து, தாராளமாகத் தலையை ஆட்டிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. மரக்கடை வண்டி வந்து, கொட்டகையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நீண்ட மெல்லிய ரீப்பர் மரச்சட்டங்களைக் கட்டுக்கட்டாக இறக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. அன்று முதல் என் கார் வெயிலிலும் காக்கைகளின் தயவிலும் கிடந்தது.

அண்ணி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். முன்னறை முழுக்க நீலத் துணியும் சாம்பல் துணியும் அடுக்கியிருக்கும். நடுவில் வெட்டுமேஜை, ஜன்னலோரம் இயந்திரம். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று அவருடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. அதனால் மிதிக்கிற இயந்திரம் கிடையாது, மோட்டார்தான். நடப்பார், ஆனால் சுவர் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தோள் வேண்டும். துணி எடுக்கப் போனால் என் மனைவியின் தோள், ஆஸ்பத்திரிக்கு அண்ணனின் தோள், தூரமாக எங்காவது என்றால் என் காரின் பின்சீட்டு. அவர் தனியாகப் போய் நான் பார்த்த இடம் வாசல் கேட்டுவரைதான்.

அண்ணன் தபால்காரர். தெருத்தெருவாக நடந்து நடந்து அவருடைய கால்களுக்கு மெதுவாக நடப்பதே மறந்துபோயிருந்தது. இருவரும் கடைத்தெருவுக்குக் கிளம்பினால் முதல் நாலு வீடுவரை சேர்ந்து போவார்கள். அப்புறம் அண்ணன் முன்னால் போய்விடுவார். அடுத்த விளக்குக் கம்பத்தடியில் நின்று, அண்ணியைப் பார்க்காமல், எதிரே இருக்கிற கடைப் பலகையையோ மரத்தையோ பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்தால் அவசரப்படுத்துகிற மாதிரி ஆகிவிடுமாம். அண்ணி வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடுவார். அவருக்குத்தான் நின்று இளைப்பாறியாயிற்றே. "கொஞ்சம் மெதுவா நடங்களேன்" என்ற அண்ணியின் குரல் எங்கள் தெருவுக்கே பழக்கம்.

படகு ஆசை தொழிலில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. ஊருக்கு வெளியே இருக்கிற ஏரியில் படகுகளை வாடகைக்கு விடுகிறவர், மழையில் தண்ணீர் நிறையாமல் இருக்க அவற்றுக்கு உறை தைத்துத் தரச் சொன்னார். கயாக் என்று சொல்லும் ஒல்லியான படகுகள் அவை. மேலே மூடியிருக்கும், நடுவில் ஒரு ஆள் இறங்கி உட்கார மட்டும் வாய் திறந்திருக்கும். அளவெடுக்க நான்தான் அண்ணியைக் காரில் கூட்டிப்போனேன். வாயின் அளவு உட்கார்ந்து பார்த்தால்தான் சரியாகத் தெரியும் என்று அண்ணி ஒன்றில் இறங்கி உட்கார்ந்தார். கரையோரம், முழங்கால் ஆழத் தண்ணீர். கால்கள் இரண்டும் உள்ளே போய் மறைந்துவிட்டன. வெளியே தெரிந்ததெல்லாம் இருபது வருஷமாகத் துணிக்கட்டு தூக்கிய தோள்களும் கைகளும்தான். அளவெடுத்து முடிந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. நான் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றேன், அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"வேணும்னா வாடகைக்கு எடுத்து ஓட்டலாமே அண்ணி," என்று திரும்பி வரும்போது சொன்னேன்.

"அதுல ரெண்டு காலையும் ஊன்றிக்கணும் தம்பி. எனக்கு இடது பக்கம் வழுக்கிட்டு போகுது. ரெடிமேட் என்னைக்கு எனக்கு ஒத்துவந்திருக்கு?"

அது நியாயம்தான். பிறந்ததிலிருந்து அவர் கடையில் வாங்கி எதையும் போட்டதில்லை.

படகின் முழு அளவு வரைபடத்தைத் தருவித்தார். கைபேசியில் யாரோ ஒருவர் பட்டறையில் படகு செய்வதைப் பார்த்துப் பார்த்து, அந்த ஆளுக்குத் தும்மல் வருகிற இடம்கூட அண்ணிக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வேலை கேட்பதற்கு எளிமையானது. படகைக் குறுக்கே துண்டு போட்டால் எப்படி இருக்குமோ, அப்படி ஒட்டுப்பலகையில் வரிசையாக அச்சுகள் வெட்டிக்கொள்ள வேண்டும். அவற்றை ஒரு நீளச் சட்டத்தில் இடைவெளி விட்டு நிறுத்தி, அதன் மேல் ரீப்பர்களை ஒன்றோடொன்று பசை வைத்து ஒட்டிக்கொண்டே வந்தால் படகின் உடம்பு கிடைத்துவிடும். கடைசியில் அச்சுகளை உருவிவிட வேண்டியதுதான்.

வெட்டுமேஜையில் ஒட்டுப்பலகையைப் போட்டு, வரைபடத்தைக் குண்டூசி குத்திப் பொருத்தி, சாக்குக்கட்டியால் கோடு போட்டது அண்ணி. கோட்டின் மேல் ரம்பம் பிடித்து அறுத்தது அண்ணன். எல்லா அச்சுகளும் வழவழவென்று, ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி, சின்னதிலிருந்து பெரியதாகி மறுபடி சின்னதாகி வரிசையில் நின்றன. எனக்கே பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நான் சொல்லவில்லை. என் கார் வெளியே நின்றுகொண்டிருந்தது.

ரீப்பர் ஒட்டும் வேலை மாதக்கணக்கில் போயிற்று. காலையில் சீருடை, சாயங்காலம் படகு. ஒவ்வொரு ரீப்பரையும் வளைத்து, முனையில் ஜாக்கெட்டுக்கு டார்ட் பிடிப்பதுபோல் சீவி ஒடுக்கி, பசை தடவி, பக்கத்து ரீப்பரோடு நெருக்குவார். இறுக்கிப் பிடிக்கக் கருவிகள் போதாதபோது பாவாடை இடுப்புக்கு வைக்கிற எலாஸ்டிக்கைச் சுற்றிக் கட்டினார். துணி உலர்த்தும் கிளிப்புகள் எங்கள் மாடியிலிருந்தும் காணாமல் போயின. ஈரச் சட்டைகள் காற்றில் பறந்து அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்தார். தேய்ப்பதையும் வேகமாகத்தான் தேய்த்தார்; அண்ணி பின்னாலேயே வந்து, "மெதுவா, மெதுவா, ஓட்டை விழுந்துடப்போகுது," என்றார்.

மரத்தின் மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து, ரெசின் என்கிற பிசினைப் பூசி ஊறவைக்க வேண்டும். அந்தத் துணியை வெட்டினால் கத்தரிக்கோலின் முனை மழுங்கிவிடும் என்று கேள்விப்பட்ட அண்ணி, தன் கத்தரிக்கோலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, என் மனைவியின் சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்து வெட்டினார். என் மனைவிக்கு அண்ணி என்றால் உயிர். இருந்தாலும் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை ரெசினையும் அதை இறுக வைக்கிற மருந்தையும் ஒரே டப்பாவில் நிறையக் கலந்துவிட்டார்கள். அது தானாகவே சூடேறிப் புகைய ஆரம்பித்தது. அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிய வேகத்தில் தெரு நாய் ஒன்று பயந்து எதிர்வீட்டுக்குள் போய்விட்டது. அடுத்த தடவையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தார்கள்.

அந்த நாட்களில் ஒருமுறை நான் விஷயத்துக்கு வந்தேன்.

"எல்லாம் சரி அண்ணி. தண்ணில விட்டா, கூட யாரு வருவாங்க?"

"யாரும் இல்ல."

"அதெப்படி?"

அண்ணி கையிலிருந்த பிரஷை டப்பாவின் குறுக்கே வைத்தார். "எங்க போனாலும் யாராச்சும் ஒருத்தர் எனக்காக வேலையை விட்டுட்டு வர்றீங்க. நான் ஒண்ணும் குறையா சொல்லல தம்பி. ஆனா ஒரே ஒரு இடத்துக்காவது தனியா போய்ட்டு வரணும். அதுக்குத்தான் இது."

என் கால் தரையை அழுத்தியது.

அடிப்பாகமும் மேல்மூடியும் ஒட்டிச் சேர்ந்து, உட்காரும் வாய் வைத்து, படகு படகாகிவிட்டது. இரண்டு மரப்பெஞ்சுகளின் மேல் அதை வைத்து, என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணி முதல்முறையாக உள்ளே இறங்கினார். உட்கார்ந்தவர் இடுப்புக்கு இரண்டு பக்கமும் கையை விட்டுப் பார்த்தார். கை மணிக்கட்டுவரை தாராளமாக உள்ளே போயிற்று.

"என்னங்க இது, அண்டாவுக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு?"

டேப்பை எடுத்தார். அகலம் வரைபடத்தில் போட்டிருந்ததைவிட ஒரு சாண் இல்லை என்றாலும், நாலு விரலுக்குக் குறையாமல் கூடியிருந்தது. மூலையில் சாய்த்து வைத்திருந்த அச்சு ஒன்றை எடுத்து வரச் சொல்லி, அதன் மேல் வரைபடத்தை வைத்தார். காகிதத்துக்கு வெளியே சுற்றிலும் ஒட்டுப்பலகை எட்டிப் பார்த்தது. சுற்றிலும் ஒரே சீராக, இரண்டு விரல்.

நான்தான் முதலில் சிரித்தேன். சீருடை தைக்கிறவர்கள் யாரும் அளவுக் கோட்டின் மேல் வெட்டமாட்டார்கள். பிள்ளை வருஷக் கடைசிக்குள் வளர்ந்துவிடும் என்று பக்கத்துக்கு இரண்டு விரல் தள்ளித்தான் வெட்டுவார்கள். மிச்சத்தை உள்ளே மடித்துத் தைத்து, பிறகு வேண்டும்போது பிரித்துவிடுவார்கள். இருபது வருஷமாக அப்படியே வெட்டிய கை, ஒட்டுப்பலகையையும் பிள்ளை என்று நினைத்து இரண்டு விரல் தள்ளியே கோடு போட்டுவிட்டது. எல்லா அச்சிலும் ஒரே மாதிரி தப்பியதால் வளைவு கெடவில்லை, ஒருவர் கண்ணிலும் படவில்லை. அண்ணியும் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, என் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள்.

சிரிக்காதவர் அண்ணன் மட்டும்தான். அவர் படகைச் சுற்றி ஒரு நடை வந்தார். பின்பக்க மூடியைத் தட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"இவ்வளவு இடம் இருக்குல்ல? பின்னால இன்னொரு ஓட்டை போட்டுட்டா நானும் உட்கார்ந்துக்கலாம். உனக்கும் துணையாச்சு."

எனக்கு அது அருமையான யோசனையாகப் பட்டது. பின்னால் ஒரு ஆள் என்றால் இரண்டாவது பிரேக் மாதிரிதானே. அதையும் அப்படியே சொன்னேன். மறுநாள் சாயங்காலமே அண்ணன் ரம்பத்தோடு வந்து, பின்மூடியில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். தன் மனைவி தண்ணீரில் விழுந்துவிடுவாள் என்ற பயம் அவரை எத்தனை நாளாகத் தின்றுகொண்டிருந்தது என்பது அந்த வட்டத்தின் அவசரத்தில் தெரிந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து படகுக்குப் பக்கத்தில் நின்றார். கழுத்தில் டேப் தொங்கியது.

"ரம்பத்தைக் கீழ வைங்க. அளவெடுக்காம நான் எதையும் வெட்ட விடமாட்டேன்."

அண்ணன் வைத்தார். அண்ணி அவரைத் திருப்பி நிறுத்தி, இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டு அளந்தார். பிறகு படகை அளந்தார். ஒரு வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல, கோபமே இல்லாமல் சொன்னார்.

"இதுல உங்களுக்கு இடம் இல்லைங்க."

"ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு விரல் விட்டிருக்கியேம்மா!"

"அது நான் வளர்றதுக்கு விட்ட இடம்."

அண்ணி ஐம்பதைத் தாண்டியிருந்தார். கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் பாக்கெட்டிலிருந்து ரப்பரை எடுத்துப் பென்சில் வட்டத்தை அழித்தார்.

கூடுதல் இடத்தை அண்ணி அவருடைய வழியிலேயே உள்ளே பிடித்துவிட்டார். தடித்த ஸ்பாஞ்சை வெட்டி, மிச்சமிருந்த நீலத் துணியில் உறை தைத்து, இடுப்புக்கு இரண்டு பக்கமும் பொருத்தினார். வலது காலுக்கு ஊன்றிக்கொள்ள ஒரு கட்டை. இடது காலுக்குக் கட்டை வைக்காமல், பள்ளிப் பை வாரில் ஒரு தொட்டில் தைத்து, அதில் காலை வைத்து இறுக்கிக்கொள்ளும்படி செய்தார். இழுத்தால் உடனே கழன்று வருகிறதா என்று திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார். ஸ்பாஞ்சுகளைப் பசை போட்டு ஒட்டவில்லை, வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்திருந்தார். "வேணும்னா பிரிச்சுக்கலாம்ல" என்றார்.

ஏரிக்குப் படகைக் கொண்டுபோனது என் காரின் தலையில் வைத்துத்தான். நிழலைப் பறித்ததும் போதாமல் தலைமேலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. காலை நேரம், காற்று இல்லை. அண்ணி ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டிருந்தார். கடையில் வாங்கியதுதான், ஆனால் வாங்கி வந்த அன்றே பக்கவாட்டில் பிரித்துத் தைத்துவிட்டிருந்தார். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார்.

கயிறு என் யோசனை. கார் நின்றுபோனால் இழுக்க வைத்திருக்கும் கயிற்றோடு, துணி உலர்த்தும் கொடியையும் முடிந்து, படகின் வால் முனையில் நானே கட்டினேன். மறுமுனை அண்ணன் கையில். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அண்ணி," என்றேன். அண்ணி தலையை ஆட்டினார். எங்கள் பயத்துக்கு அவர் கொடுத்த மரியாதை அது.

தள்ளிவிட்டோம். படகு ஆடவே இல்லை. அந்த இரண்டு விரல் அகலம் அதைத் தண்ணீரின் மேல் பலகை போட்டதுபோல் உட்கார வைத்திருந்தது. அண்ணி இடதும் வலதும் மாற்றி மாற்றித் துடுப்பைப் போட்டார். முதலில் கொஞ்சம் கோணல், பிறகு நேர். கயிறு சரசரவென்று அண்ணன் கையிலிருந்து போய்க்கொண்டே இருந்து, தீர்ந்தது. விறைத்து நிமிர்ந்தது. படகின் வால் இழுபட்டு, படகு பின்னோக்கி எங்கள் பக்கம் வந்தது. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தவர் ஒரு நொடியில் கட்டிப்போட்டதுபோல் உட்கார்ந்திருந்தார்.

மறுபடி துடுப்பைப் போட்டார். மறுபடி கயிறு இழுத்தது. முடிச்சு அவருக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

"விடுங்க," என்றார். சத்தம் போடவில்லை. தண்ணீர் அந்தச் சொல்லை அப்படியே கொண்டுவந்து கொடுத்தது.

"விடாதீங்கண்ணா," என்றேன் நான். என் வலது கால் கணுக்கால்வரை சேற்றுக்குள் போயிருந்தது.

அண்ணன் கயிற்றைப் பார்த்தார். உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றி வைத்திருந்தார்.

"இத்தனை வருஷத்துல அவ எங்கிட்ட ‘கையைக் குடுங்க’ன்னுதான்டா கேட்டிருக்கா," என்றார். "‘விடுங்க’ன்னு இன்னைக்குத்தான் கேக்கறா."

சுற்றைப் பிரித்து விட்டுவிட்டார். கயிறு கரையைத் தாண்டி, தண்ணீருக்குள் வழுக்கிப் போயிற்று. என் மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பயமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அண்ணி போனார். கரையை ஒட்டியே, ஆனால் நன்றாக, ஒரே சீராகப் போனார். கயிறு பின்னால் வால்போல இழுபட்டுப் போயிற்று. அந்த வேகத்தில் அவர் எங்கேயும் போய் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அண்ணன் கரையோர ஒற்றையடிப் பாதையில் கூடவே நடக்க ஆரம்பித்தார். ஊரிலேயே வேகமாக நடக்கிற மனுஷன், நாலு எட்டில் பிடித்துவிடுவார் என்று நினைத்தேன். பாதை முட்செடியைச் சுற்றி வளைந்தது, பள்ளத்தில் இறங்கி ஏறியது. தண்ணீரில் வளைவும் இல்லை, பள்ளமும் இல்லை. அண்ணன் நடை ஓட்டமானது. செருப்பு ஒன்று சேற்றில் நின்றுவிட்டது. அதை எடுக்கக்கூடத் திரும்பாமல், ஒற்றைச் செருப்போடு விந்தி விந்தி ஓடிக்கொண்டே கத்தினார்.

"கொஞ்சம் மெதுவாப் போயேன்!"

நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அண்ணி துடுப்பைத் தூக்கிப் படகின் குறுக்கே வைத்தார். படகு தானாகக் கொஞ்ச தூரம் போய் நின்றது. அவர் கரைப் பக்கம் திரும்பவில்லை. எதிர்க்கரையில் இருந்த மரங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், விளக்குக் கம்பத்தடியில் அண்ணன் நிற்பாரே, அதே மாதிரி.

அண்ணன் வந்து சேர்ந்தார். முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினார். வந்துவிட்டேன் என்று சொல்லக்கூட முடியாமல் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

அண்ணி உடனே கிளம்பிவிடவில்லை. அண்ணனுக்கு மூச்சு சீராகிற வரைக்கும் துடுப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.